எந்தக் கன்னத்துக்கு எந்த விளக்கு

பிப்ரவரி 3

தோல் சோதனைப் பிரிவில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். நான் பதினேழாம் எண். வாரக் குறிப்பைக் கையால் எழுதித் தபாலில் அனுப்ப வேண்டும் என்று உங்கள் தாளில் போட்டிருக்கிறது. கட்டங்கள் சின்னவை, என் எழுத்து பெரியது. அதனால் தனித்தாள்.

இரண்டு விளக்குகளும் உடையாமல் வந்து சேர்ந்தன. சொன்னபடி நாற்காலிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று நிறுத்தி, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஒரு கை நீளம் தள்ளி, இருபது நிமிடம் உட்கார்ந்தேன். வாரத்துக்கு நீங்கள் குறித்த மூன்று நாளும் உட்கார்ந்தேன். "நீ பகல்ல உக்காந்து நான் பாத்ததே இல்லையே, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று என் வீட்டுக்காரர் பயந்துவிட்டார்.

ஒரு சந்தேகம். இரண்டில் ஒன்றுதான் தோலுக்கு இளமை தரும் அகச்சிவப்பு விளக்கு, மற்றது வெறும் சிவப்பு பல்பு, எது எது என்று சொல்லமாட்டோம் என்கிறீர்கள். சரி. வேலை செய்வது கண்ணுக்குத் தெரியாத வெப்பம், சிவப்பு நிறம் சும்மா வேஷம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இரண்டும் சிவப்பாக எரிகின்றன, இரண்டும் சுடுகின்றன. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நான் இருபத்தொன்பது வருடமாக ரொட்டி அடுப்பு முன்னால் நிற்பவள். அடுப்பு என் இடது கைப் பக்கம். அதனால் இடது கன்னம் காய்ந்த ரொட்டி ஓரம் போல இருக்கிறது, வலது கொஞ்சம் தேவலை. சூட்டில் கெட்ட தோல் சூட்டிலேயே சரியாகுமா? முள்ளை முள்ளால் எடுப்பது என்று வைத்துக்கொள்ளட்டுமா?

'ஏன் சேர்ந்தீர்கள்' என்ற கட்டத்துக்கு: வயது நாற்பத்தாறு. பார்ப்பவர்கள் அறுபது என்கிறார்கள். அதற்கு மேல் எழுத அந்தக் கட்டத்தில் இடமும் இல்லை, எனக்கு மனமும் இல்லை.

இப்படிக்கு,
பதினேழு


பிப்ரவரி 10

அக்கா,

இந்த ஒரு சொல்லை எழுதிவிட்டு ரொம்ப நேரம் பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தேன். மேலே எழுதலாமா என்று இன்னும் தெரியவில்லை.

பதினேழாம் எண்ணின் உறையைப் பிரித்தது நான்தான். கையெழுத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ரொட்டிப் பெட்டிகள் மேல் 'இன்று', 'நேற்று' என்று எழுதுவாயே, அதே கொழுத்த எழுத்து. இத்தனை நாள் முழங்கால் வலிக்காரர்களுக்கு விளக்கு வைத்துக்கொண்டிருந்த என்னைப் போன வருடம் இந்தச் சோதனைக்கு மாற்றினார்கள். நாற்பது பேருக்கு விளக்குகளைப் பெட்டி கட்டுவதும், வருகிற தாள்களை அடுக்குவதும் என் வேலை. விலாசம் ஒட்டுவது வேறு அறை. எனக்குத் தெரிவது எண்கள் மட்டும். நீ என்று தெரிந்து நான் எதுவும் செய்யவில்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

சோதனையில் சொந்தக்காரர் இருந்தால் பெரிய டாக்டரிடம் தெரிவிக்க வேண்டும் என்று விதி. தெரிவித்தால் உன்னை நீக்கிவிடுவார்கள். தெரிவிக்காவிட்டால் அது தப்பு. மூன்று நாளாக டாக்டர் அறை வாசல் வரை போகிறேன், திரும்பி வருகிறேன். நீயே சொல். உனக்கு இது வேண்டுமா?

மாமா நலமா? ஏழு வருடம் கழித்துக் கேட்கிறேன். கேட்க உரிமை உண்டா என்று தெரியாமல்தான் கேட்கிறேன்.

தங்கை


பிப்ரவரி 16

எலிக்குட்டி,

அப்படிக் கூப்பிடக்கூடாது என்று நினைத்துத்தான் பேனாவை எடுத்தேன். கை கேட்கவில்லை.

உன் கடிதத்தைப் படித்து, மடித்து, மாவுப் பீப்பாய் மேல் வைத்துவிட்டு நாள் முழுக்க வேலை பார்த்தேன். ஒரு தட்டு பன்னைக் கருக விட்டேன். கருகினதை எடுத்து உன் மாமாவே தின்றார். அவர் நலம்.

ஏழு வருடம் முன்னால் நடந்ததை நீ மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். உனக்கு அந்த ஆஸ்பத்திரியில் முதல் நாள் வேலை. நான்தான் கூட்டிவந்தேன். நல்ல சேலை கட்டியிருந்தேன். பதிவு மேசைக்காரன் என்னைப் பார்த்துவிட்டு உன்னிடம், "அம்மாவ அந்தப் பக்கம் உக்காரச் சொல்லுங்க" என்றான். நீ, "சரிங்க சார்" என்றாய். எனக்கு அப்போது முப்பத்தொன்பது. உனக்கு இருபத்தெட்டு. பதினோரு வயதில் யாராவது பிள்ளை பெறுவார்களா? அவன் சொன்னதில் எனக்கு வருத்தம் இல்லை, அவன் யாரோ. "அக்கா"ன்னு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, உன் வாயில் வரவில்லை பார். அப்பா அம்மா போன பிறகு உன்னைப் படிக்க வைக்க எந்த அடுப்பில் நின்றேனோ அந்த அடுப்புதான் என் முகத்தை இப்படி ஆக்கியது. அதைப் பார்த்து நீயே வெட்கப்பட்டாய். அன்றைக்கு வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது.

டாக்டரிடம் சொல்லாதே. நான் இதை விடமாட்டேன். என் பக்கத்தில் நீ நின்றால் யார் பார்த்தாலும் அக்கா தங்கை என்று தெரிய வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. கிழவி குமரியாக ஆசைப்படுகிறாள் என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

சரி, இப்போது சொல்லு. எந்தப் பக்கம் உண்மையான விளக்கு?

போன் பண்ணாதே. எடுக்கமாட்டேன். எழுதினால் படிப்பேன்.

அக்கா


பிப்ரவரி 22

அக்கா,

மறக்கவில்லை. ஒரு நாள்கூட மறந்ததில்லை. வெட்கப்பட்டேனா? இல்லை என்று எழுதி அடித்துவிட்டேன். ஆமாம் என்று எழுதி அதையும் அடித்தேன். அடித்தது தாளில் தெரியும், பார்த்துக்கொள். முதல் நாள், பயம், மேசைக்காரர் அதட்டுகிற குரல். வாயில் "சரி" வந்துவிட்டது. வந்த பிறகு திருத்தவில்லை. திருத்த முழுசாக ஒரு மணி நேரம் இருந்தது. நீ அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் இருந்தாய். நான் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அப்புறம் பார்த்தால் நாற்காலி காலி.

எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது. அந்தப் பதிவேடு என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. புகைப்படம் பார்த்து எந்தக் கன்னம் மாறியிருக்கிறது என்று குறிக்கும் டாக்டருக்கே தெரியாது. தெரிந்தால் கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்குமாம். நாற்பது பேர் கன்னம் இதில் இருக்கிறது.

சூட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். பெரிய டாக்டரிடம் கேட்டேன். அளவான சூடு தோலுக்குள் புது நார்களைக் கட்டச் சொல்லித் தூண்டலாம், அளவு மிஞ்சினால் இருக்கிற நார்களையே உடைக்கலாம் என்றார். "அப்ப அளவு எது டாக்டர்?" என்றேன். "அது தெரிஞ்சா நாம ஏம்மா நாற்பது பேர உக்கார வெச்சிருக்கோம்?" என்றார். அவருக்கே தெரியாததை நான் உனக்கு எப்படிச் சொல்ல?

டாக்டரிடம் நம் உறவை இன்னும் சொல்லவில்லை. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நிற்கிறேன்.

தங்கை


மார்ச் 2

எலிக்குட்டி,

அடித்ததைப் பார்த்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தேன். இரண்டையும் நன்றாகத்தான் அடித்திருக்கிறாய்.

உன் டாக்டர் சொன்னது எனக்குப் புரிகிறது மாதிரியும் இருக்கிறது, புரியாத மாதிரியும் இருக்கிறது. ரொட்டிக்கும் அப்படித்தான், அளவுச் சூட்டில் உப்பும், மிஞ்சினால் கல்லாகும். ஆனால் ரொட்டியைத் தட்டிப் பார்த்தால் சத்தம் சொல்லிவிடும். கன்னத்தை எங்கே தட்டிப் பார்ப்பது?

இங்கே ஒரே குழப்பம். முதல் வாரம் வலது பக்கம் மினுமினுப்பு என்று எனக்குத் தோன்றியது. இரண்டாம் வாரம் இடது. பேக்கரியில் மாவு பிசைகிறவள் இடது என்கிறாள். கணக்குப்பிள்ளை வலது என்கிறார், ஆனால் அவர் கல்லாவில் இருந்து பார்க்கிறார், அங்கிருந்து என் வலது பக்கம்தான் தெரியும். உன் மாமாவைக் கேட்டேன். "ரெண்டும் நல்லாத்தானே இருக்கு" என்றார். கண்ணாடி போட்டுப் பாருங்கள் என்று போட வைத்தேன். நிதானமாகப் பார்த்துவிட்டு, "எப்பவும் நல்லாத்தானே இருந்துச்சு" என்றார். இந்த மனிதரை வைத்துக்கொண்டு நான் எந்தச் சோதனை செய்ய?

அதோடு கைக்கண்ணாடி வேறு. அதில் தெரிகிற இடது என் இடதா, அது வேறு யாருடைய இடதா என்று யோசித்து யோசித்து மண்டை காய்கிறது. புகைப்படத்தில் எல்லாம் மாறி இருக்கிறது.

ஒன்று மட்டும் நிச்சயம். இடது கன்னத்துக்கு நான் எதிர்பார்த்தது நடக்கவில்லை. நீ வலது பக்கத்துக்குத்தான் நல்ல விளக்கைக் கொடுத்திருக்கிறாய். சொல்ல வேண்டாம், நான் கண்டுபிடித்துவிட்டேன்.

அக்கா


மார்ச் 8

அக்கா,

இத்துடன் வருவது இரண்டாம் மாதத்து விளக்குகள். பழையவற்றைக் கழற்றி அதே பெட்டியில் திருப்பி அனுப்பு.

நீ கண்டுபிடித்தது சரி என்றும் சொல்லமாட்டேன், தப்பு என்றும் சொல்லமாட்டேன். இந்த மாதம் உனக்கு இரண்டு கன்னத்திலும் மனக்குறை இருக்காது என்று நினைக்கிறேன். ஏன் நினைக்கிறேன் என்று கேட்காதே.

ஒரு கை நீளத்துக்குக் கிட்டே போகாதே. இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். இதை எல்லோருக்கும் அச்சடித்து அனுப்புகிறோம், உனக்கு மட்டும் கையாலும் எழுதுகிறேன். கன்னத்தில் வலை விரித்தது போலப் பழுப்புக் கோடுகள் தெரிந்தால் அன்றைக்கே நிறுத்திவிடு. முழங்காலுக்கு வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டே கிடப்பவர்கள் காலில் நான் அதைப் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பெட்டியை இரண்டு தடவை பிரித்துத் திரும்பக் கட்டினேன். கயிறு சரியில்லாமல் இருக்கலாம்.

தங்கை


மார்ச் 17

எலிக்குட்டி,

திட்டாமல் படி. இடது கன்னத்தில் கொப்புளம் வந்திருக்கிறது. பெரியது ஒன்று, சுற்றிச் சின்னவை. நீ சொன்ன பழுப்பு வலையும் இருக்கிறது, அது போன வாரமே தெரிந்தது. அடுப்படியில் நிற்கிற முகம், ஏதோ புகை படிந்திருக்கும் என்று துடைத்துப் பார்த்தேன். போகவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வலதில்தான் நல்ல விளக்கு, இடதில் சும்மா விளக்கு என்று முடிவு கட்டிவிட்டேன் அல்லவா? சும்மா விளக்குதானே, என்ன செய்துவிடும் என்று நாற்காலியை அந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டேன். பாதிக் கை நீளம்தான் இருக்கும். கொஞ்சமாவது உறைக்கட்டுமே என்று நாற்பது நிமிடம் உட்கார்ந்தேன். என் இடது கன்னத்துக்குச் சூடு சரியாகத் தெரிவதில்லை, அது உனக்கே தெரியும். அடுப்புக்குப் பழகிப் போன தோல். தெரிந்தபோது எரிச்சலாகத் தெரிந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. இதை எழுதலாமா என்று யோசித்தேன். போன மாதம் முதல் நாளில் இருந்தே பாதி நேரம் ஆனதும் எழுந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் பார்த்து உட்கார்வேன். வேண்டுமென்று செய்ததில்லை. அடுப்பில் ஒரு பக்கம் சூடு அதிகம் இருக்கும், பாதி வெந்ததும் தட்டைத் திருப்பி வைக்காவிட்டால் ஒரு வரிசை கருகும், ஒரு வரிசை வெளுத்திருக்கும். இருபத்தொன்பது வருடக் கை. மணி பத்து நிமிடம் காட்டினால் உடம்பு தானாக எழுந்து திருப்புகிறது. மூன்றாம் தடவைதான் எனக்கே உறைத்தது. அப்போது நிறுத்தியிருக்கலாம். இரண்டு கன்னத்துக்கும் நியாயமாகப் போகட்டுமே என்று விட்டுவிட்டேன். இந்த மாதம்தான் திருப்பாமல் இடதையே காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அப்படியானால் இடது எது, வலது எது, எனக்கு இப்போது எதுவும் தெரியவில்லை. ஒன்றே ஒன்று சொல்லு. சும்மா விளக்கு எப்படிடி கொப்புளம் போடும்?

அக்கா


மார்ச் 19

அக்கா,

உடனே நிறுத்து. இரண்டு விளக்கையும் கழற்றிவிடு. கொப்புளத்தை உடைக்காதே. மாவுக் கையால் தொடாதே. உன் ஊர் டாக்டரிடம் இன்றைக்கே போ, நாளைக்கு என்று வைக்காதே. அடுப்புப் பக்கம் போகவே போகாதே. மாமா நிற்கட்டும்.

இரண்டும் உண்மையான விளக்கு, அக்கா. இரண்டாம் மாதம் நான் மாற்றி வைத்தேன். பதிவேட்டில் உனக்கு ஒன்றுதான் உண்டு. அலமாரியில் இருந்து இன்னொன்றை எடுத்து, சும்மா விளக்கின் எண் சீட்டை அதில் ஒட்டிக் கட்டினேன். உன் கடிதங்களைப் படித்தால் எனக்கு அந்தக் காலி நாற்காலிதான் தெரிந்தது. ஏழு வருடத்துக்கு ஈடாக உனக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று இருந்தது. கையில் இருந்தது அதுதான். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிவிட்டது.

இனி மறைக்க ஒன்றும் இல்லை, கேள். முதல் மாதம் உண்மையான விளக்கு இடது பக்கம்தான் இருந்தது. நீ ஆசைப்பட்ட அதே பக்கம். ஆடாமல் உட்கார்ந்திருந்தால் போதும். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு உபகாரம் செய்து உன் கன்னத்தைப் பொசுக்கிவிட்டோம்.

திங்கட்கிழமை பெரிய டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். உன் கன்னம் என்ன ஆயிற்று என்று அவருக்குத் தெரிய வேண்டும். மற்றவர்களுக்கும் அவர் சூட்டைக் குறைக்க வேண்டி இருக்கலாம். வேலை போகும். போகாமலும் இருக்கலாம். தெரியவில்லை.

எரிகிறதா? பொய் சொல்லாமல் எழுது.

தங்கை


மார்ச் 21

எலிக்குட்டி,

எரிகிறது. டாக்டரிடம் போய்வந்தேன். களிம்பு கொடுத்திருக்கிறார். ஆறிவிடும், தழும்பு கொஞ்சம் நிற்கும் என்றார். நிற்கட்டும், அதுவும் பழகிவிடும்.

நீ வாயைத் திறக்காதே. உன் பெரிய டாக்டருக்கு நான் எழுதிவிட்டேன். முழங்கால் விளக்கு விற்கிற கடையில் நானே ஒரு பல்பு வாங்கி, சும்மா விளக்கைக் கழற்றிவிட்டு அதை மாட்டிக்கொண்டேன், பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் நான்தான், உங்கள் ஆட்கள் மேல் ஒரு தப்பும் இல்லை என்று தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். பாதி உண்மைதானே.

நீ அந்த அறைக்குள் போனால், "எனக்கொன்னும் தெரியாது டாக்டர்" என்று சொல்லிவிட்டு வா. உனக்குச் சும்மா இருக்கத் தெரியும். அதைத்தான் செய்யச் சொல்கிறேன்.

அக்கா


மார்ச் 28

அக்கா,

உன் கடிதம் என் கைக்கு வந்தது திங்கட்கிழமை சாயந்தரம். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முன்னாலேயே வந்திருந்தாலும் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிகிறது என்று எழுத ஆசையாக இருக்கிறது.

நான் உள்ளே போனபோது உன் கடிதம் டாக்டர் மேசை மேல் இருந்தது. நான் ஆரம்பிக்கும் முன் அவரே என் பக்கம் தள்ளினார். "பதினேழாம் நம்பர் என்ன எழுதியிருக்காங்க பாருங்க. கடையில பல்பு வாங்கி மாட்டினாங்களாம்" என்றார். படித்தேன். உன் கொழுத்த எழுத்தில் அப்படி ஒரு பச்சைப் பொய். 'உங்கள் ஆட்கள் மேல் ஒரு தப்பும் இல்லை' என்பதன் கீழே கோடு வேறு போட்டிருந்தாய்.

"சரி, நீங்க எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டார்.

அப்போது நினைத்தேன், "இந்த மாசத் தாளெல்லாம் அடுக்கிட்டேன் டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று. அவ்வளவு சுலபமாக இருந்தது. நீயே கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருந்தாய்.

"அவங்க பொய் சொல்றாங்க டாக்டர். அந்த பல்ப நான்தான் அனுப்பினேன். அவங்க என் அக்கா" என்றேன்.

அவர் உன் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்து இன்னொரு தடவை படித்தார். பிறகு, "ரெண்டு பேரும் தப்ப ஒத்துக்கிறீங்க, ஆனா ஒரே தப்பு இல்ல. நான் யார நம்பறது?" என்றார். பதிவேட்டையும், எண் சீட்டு இல்லாமல் அலமாரியில் மிஞ்சிய சும்மா விளக்கையும் எடுத்து வைத்துக் காட்டினேன். நம்பினார். உன் கன்னத்தைப் பற்றி நிறையக் கேட்டார். முப்பத்தொன்பது பேருக்கும் எச்சரிக்கைக் கடிதம் போகிறது. நாற்காலியைத் திருப்பாதீர்கள் என்று அதில் ஒரு வரி புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். அது உன்னால்.

இந்த மாதத்தோடு என்னைப் போகச் சொல்லிவிட்டார்கள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. நீ வாய் திறக்காதே என்றாய், நான் கேட்கவில்லை. உனக்கு இது நல்லதா கெட்டதா என்று எனக்குப் புரியவில்லை. எனக்கு இது நல்லதா என்றும் புரியவில்லை. அழுகை வந்தது, ஆனால் சாப்பாடு இறங்கியது.

தங்கை


ஏப்ரல் 2

எலிக்குட்டி,

உன்னை என்ன செய்தால் தகும்? பேச வேண்டிய இடத்தில் வாயைக் கட்டிக்கொண்டு நின்றவள், வாயைக் கட்டு என்று நான் கெஞ்சிக் கேட்ட இடத்தில் போய்ப் பேசியிருக்கிறாய். எந்த நேரத்தில் எதைச் செய்ய வேண்டும் என்று உனக்கு யார்தான் சொல்லிக் கொடுப்பது?

அந்த வேலை உன் வேலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாயா? பதினேழு வயதில் அடுப்பு முன்னால் போய் நின்றேனே, எதற்கு? என் கன்னத்தைக் கொடுத்து வாங்கின வேலை அது. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அதை எப்படிடி விட்டுவிட்டு வந்தாய்?

உன் கடிதத்தை உன் மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். 'அவங்க என் அக்கா' என்ற இடம் வந்ததும் எனக்கு மேலே படிக்க வரவில்லை. அவர் வாங்கி மீதியைப் படித்தார். கண்ணாடி இல்லாமல் படித்ததால் இரண்டு வரியை விட்டுவிட்டார், நான் திரும்ப வாங்கி முதலில் இருந்து படித்தேன். அந்த இடம் வந்தது. மறுபடியும் நிறுத்திவிட்டேன். இப்படியே மூன்று தடவை. உன் மேல் கோபமா சந்தோஷமா என்று அவர் கேட்டார். தெரியவில்லை என்றேன். நிஜமாகவே தெரியவில்லை.

கொப்புளம் வற்றிவிட்டது. புதுத் தோல் வந்திருக்கிறது, சின்னப் பிள்ளை தோல் மாதிரி சிவப்பாக, ஒரு ரொட்டித் துண்டு அகலத்துக்கு. கன்னத்தின் மற்ற இடத்துக்கும் அதற்கும் ஒட்டவே இல்லை. பார்க்கச் சகிக்கவில்லை. பேக்கரியில் எல்லோரும் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

இதைப் படித்ததும் உன் அறையைக் காலி செய்துவிட்டு முதல் பஸ்ஸில் ஏறு. யோசிக்காதே, அடித்து அடித்து எழுதாதே. வந்து சேர். உன்னைத் திட்ட வேண்டியது ஏழு வருடத்துக்கு இருக்கிறது. இந்தத் தாளில் திட்டிப் பார்த்தேன், எனக்குத் திருப்தியாக இல்லை.

அக்கா